தரகுக்குப் பதிலாக வந்த சாவி

சாவி என் முன்னால் மேசை மேல் கிடக்கிறது. ஆனி பிறந்து பத்து நாளாகிறது. இந்த நாளில் அது என்னிடம் இருக்கக் கூடாது. வைகாசி கடைசியில் குற்றாலத்து வீட்டுக்குச் சொந்தக்காரரான மதுரைக்காரரின் கணக்கப்பிள்ளையிடம் அதைக் கொடுத்துவிட்டு, புரட்டாசி வரை வெறுங்கையோடு இருப்பதுதான் நம் வழக்கம். இந்த வருஷம் மட்டும் ஏன் என்னிடமே இருக்கிறது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அதன் வாசம். இரும்பும் தேங்காய் எண்ணெயும் கலந்த இந்த வாசம்தான் உங்கள் சட்டைப் பைக்கு எப்போதும் இருந்தது.

நான் சென்னையில் பி.ஏ. முடித்துத் தென்காசியில் பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த வருஷம் நமக்குக் கல்யாணம். வீடும் வயலும் வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவில் நின்று பேசி முடிக்கிற தரகர் நீங்கள். "காலேஜுல படிச்சவளுக்கு ஒரு குமாஸ்தா கூடவா கிடைக்கல?" என்று என் அக்கா பந்தியில் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள். நீங்கள் கோபப்படவில்லை. அன்று சாயங்காலம் என்னிடம், "உங்க அக்கா கேட்டது சரிதான். உனக்கு மாசம் பொறந்தா சம்பளம். எனக்கு ரெண்டு பேருக்கு மனசு பொறந்தாத்தான் சம்பளம்" என்றீர்கள்.

அந்த இரண்டு மனசும் ஒன்றாகப் பிறப்பது எவ்வளவு அபூர்வம் என்பதைக் குடித்தனம் செய்து தெரிந்துகொண்டேன். பண்பொழியில் ஒரு வயலுக்காகச் சுரண்டைக் கடைக்காரர் ஒருவரோடு நான்கு மாதம் நடந்தீர்கள். வரப்பைக் காட்டி, வாய்க்காலைக் காட்டி, விலையும் படிந்த பிறகு, அவர் மாமனாருக்குத் திசை பிடிக்கவில்லை என்று நின்றுபோனது. நான்கு மாத நடைக்குக் கிடைத்தது இரண்டு இளநீர். சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்குப் பங்களா பேசிவிட்டால் ஒரு வீட்டுக்கு இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் வரும். அது ஆவணியோடு சரி. நம் வாடகை மாதம் ஆறு ரூபாய். அதற்கு ஆனி, ஆவணி என்ற பேதம் கிடையாது. அரிசி வாங்குவதும் வாடகை கொடுப்பதும் பெரும்பாலும் என் சம்பளத்தில்தான் நடந்தன. ஊரில் இத்தனை பேருக்கு வீடு பார்த்துக் கொடுத்த நீங்கள், ஓடு ஒழுகுகிற வாடகை வீட்டில் சட்டி வைத்து ஏந்திக்கொண்டிருந்தீர்கள். அதையும் சிரித்துக்கொண்டேதான் செய்தீர்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வீடு பார்க்கப் போனால் நீங்கள் முதலில் சுவரைத்தான் தொடுவீர்கள். வலது உள்ளங்கையை அகல விரித்து, நோயாளியின் நெற்றியில் வைப்பதுபோல வைப்பீர்கள். திரும்பி வரும்போது கையெல்லாம் சுண்ணாம்பு. அந்தக் கையோடு என் தோளைத் தொடுவீர்கள். "வெள்ளை ஒட்டுது, தள்ளிப் போங்க" என்று முந்தானையைத் தட்டிவிடுவேன். எத்தனை தடவை தட்டிவிட்டிருப்பேன்!

சாரல் முடிந்ததும் பூட்டிக் கிடக்கிற வீடுகளைத் திறந்து காற்றாட விடும் வேலையும் உங்கள் தலையில் விழுந்தது. அதற்குக் கூலி கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிப்போனீர்கள். ஐந்தருவிச் சாலையில், கொல்லத்து வக்கீல் ஒருவருக்குச் சொந்தமான சின்ன வீடு. மேற்கு அறையில் ஒரு பெரிய ஜன்னல். அதற்கு வெளியே பலாமரம், அதற்கும் பின்னால் மலை. நீங்கள் மற்ற அறைகளைத் திறந்து முடிக்கும்வரை நான் அந்த ஜன்னலடியில் உட்கார்ந்திருந்தேன். கையில் கொண்டுபோன புத்தகத்தில் எத்தனை பக்கம் படித்தேன் என்று தெரியாது. நீங்கள் வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. அன்று நான் எதுவும் கேட்கவில்லை. ஆனால் திரும்பும் வழியெல்லாம் அந்த வீட்டையே பேசினேன். மேசையை எங்கே போடலாம், அலமாரி எந்தச் சுவரில் நிற்கும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அடுத்த வருஷம் வக்கீல் அதை விற்கச் சொன்னார். விலை நாலாயிரம். நம்மால் தொட முடியாத தொகை. மதுரையில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர் வாங்க வந்தார். அவரிடம் நீங்களே, "மேற்குச் சுவர் சாரல்ல ஊறும் முதலாளி, ஜன்னலுக்குக் கீழ நாலு விரக்கடை நனையும்" என்று சொல்லிவிட்டீர்கள். சொன்ன பிறகும் அவர் வாங்கினார். தரகு எண்பது ரூபாய். நீங்கள் அதுவரை கண்ட தரகுகளில் அதுதான் பெரியது. பத்திரம் பதிவான அன்று காலையிலேயே நான் மனதுக்குள் செலவு போட்டுவிட்டேன். உலகச் சண்டைக் காலம், அரிசி விலை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. எண்பது ரூபாய் என்றால் ஒரு வருஷ வாடகைக்கு மேல்.

மத்தியானம் நீங்கள் வெற்றிலை பாக்கோடும் இந்தச் சாவியோடும் வந்தீர்கள். கையெழுத்தானதும் தாம்பாளத்தில் வெற்றிலையோடு வைத்து நீட்டப்படுவதுதான் தரகு. நீங்கள் வெற்றிலையை எடுத்துக்கொண்டு நோட்டுகளை அப்படியே விட்டுவிட்டீர்களாம். "தரகு வேண்டாம் முதலாளி. நீங்க சாரலுக்குத்தான வருவீங்க, மத்த மாசம் சாவி எங்கிட்ட இருக்கட்டும். வீட்டை நான் பாத்துக்கிடுதேன். என் சம்சாரம் அங்கன உக்காந்து படிக்கட்டும்" என்று கேட்டிருக்கிறீர்கள். அவரும் சிரித்துக்கொண்டே சரி என்றாராம். நீங்கள் அதைச் சொன்னபோது உங்கள் முகத்தில் இருந்த மலர்ச்சியை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் கேட்டேன்.

"இந்தச் சாவிய உலையில போட்டா சோறு ஆகுமா?"

நீங்கள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். "ஆவாதுதான். ஆனா அன்னைக்கு அந்த ஜன்னல் பக்கத்துல உன் மூஞ்சிய நான் பாத்தேன்லா" என்றீர்கள். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, சாப்பிடாமல் வெளியே போனீர்கள்.

புரட்டாசி முழுக்க நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. நீங்கள் தனியாகப் போய் ஜன்னல்களைத் திறந்து, பெருக்கி, மூடிவிட்டு வந்தீர்கள். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானாகவே புத்தகத்தை எடுத்துக்கொண்டு உங்கள் பின்னால் நடந்தேன். நீங்கள் திரும்பிப் பார்த்துவிட்டு நடையைக் கொஞ்சம் குறைத்தீர்கள், அவ்வளவுதான். அதன் பிறகு மூன்று வருஷம், வருஷத்துக்கு எட்டு ஒன்பது மாதமாக, அந்த ஜன்னல் எனக்கு இருந்தது. நான் படிப்பேன், நீங்கள் பலாமரத்தடியில் துண்டை விரித்துத் தூங்குவீர்கள். சாரலில் இந்த வீடு எப்படி இருக்கும் என்று ஒருமுறை கேட்டேன். "ஒரு வருஷம் அவங்க வராமப் போவாங்க. அப்ப ரெண்டு பேரும் இருந்து பாப்போம்" என்றீர்கள்.

அவர்கள் ஒரு வருஷமும் தவறாமல் வந்தார்கள். ஒரு ஆனியில், சாவி நம்மிடம் இல்லாத நாளில், ஐந்தே நாள் காய்ச்சலில் நீங்கள் போய்விட்டீர்கள். உலையைப் பற்றிக் கேட்டதற்கு நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. அந்த ஐப்பசியில் உங்கள் பின்னால் நடந்து வந்ததே போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

புரட்டாசியில் கணக்கப்பிள்ளை என்னைத் தேடி வந்து சாவியைக் கொடுத்தார். "அவர் பேசினது பேசினதுதான்னு முதலாளி சொல்லச் சொன்னாங்கம்மா" என்றார். அன்றிலிருந்து ஜன்னல்களை நான்தான் திறக்கிறேன்.

இந்த வைகாசியில் மதுரையிலிருந்து ஒரு கார்டு வந்தது. மருமகளுக்குப் பிரசவம், இந்த வருஷம் வரவில்லை, சாவி உங்களிடமே இருக்கட்டும் என்று எழுதியிருந்தார்கள். கார்டைப் படித்துவிட்டு உங்களிடம் சொல்ல எழுந்து, சமையலறை வரை போய்விட்டேன்.

இப்போது அந்த மேற்கு அறையில் இருந்துதான் எழுதுகிறேன். சாரல் மலையிலிருந்து சாய்வாக இறங்கிப் பலா இலைகளில் படிந்து, ஜன்னல் கம்பியில் துளித்துளியாக நிற்கிறது. பேரருவியின் இரைச்சல் இங்கே வரை கேட்கும் என்று நீங்கள் சொல்லவில்லையே. அந்த எண்பது ரூபாய் வந்திருந்தால் ஒரு வருஷ வாடகையாகப் போயிருக்கும். அந்த ஓட்டு வீட்டை விட்டு நான் வந்தே நாளாகிவிட்டது. இந்த ஜன்னல் இன்னும் இருக்கிறது.

ஜன்னலுக்குக் கீழே சுவர் ஊறியிருக்கிறது. நீங்கள் சொன்ன அதே நாலு விரக்கடை. உங்களைப் போலவே உள்ளங்கையை விரித்து வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. எடுத்தபோது கையெல்லாம் சுண்ணாம்பு. அந்தக் கை எப்படியோ தோளில் பட்டு, முந்தானையில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டுவிட்டது.

நான் தட்டிவிடவில்லை.