மேரி ஏறினால் மரத்துக்குப் போகும் வெளிச்சம்

நவ. 25, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். எனக்கும் மேரிக்கும் வார லீவு. துவைத்தது ஒன்றும் காயவில்லை.

வேலைகள்: ஹெட்லைட் கண்ணாடி துடைக்க. அத்தைக்குப் பிரஷர் மாத்திரை. மேரிக்கு ஒரு டிபன் பாக்ஸ் (அவளுடையது நசுங்கிவிட்டது).

நேற்று வந்த கோபம் தூங்கி எழுந்தும் போகவில்லை. கடை மூடி மேரியோடு திரும்பி வரும்போது ஏரிக்கரை ரோட்டில் ஒரு டிராக்டர் டிப்பர் நின்றுகொண்டிருந்தது. விளக்கு இல்லை, சிவப்பு ஸ்டிக்கர் இல்லை, ஆள் இல்லை. கிட்டே போகும்வரை எனக்குத் தெரியவில்லை. பிரேக் பிடித்தேன், வண்டி வழுக்கிச் சாய்ந்தது. எனக்கு ஒன்றுமில்லை. மேரிக்கு முட்டி தேய்ந்து ரத்தம். அப்போதும் மடியில் இருந்த மூட்டையை விடவில்லை, பைத்தியக்காரி. குஞ்சம் கட்டுவதற்காக வீட்டுக்கு எடுத்து வரும் கடைப் புடவைகள்.

வீட்டுக்கு வந்து சொன்னால் என் வீட்டுக்காரர் ஏழுமலை (இனி ஏ.) கேட்ட முதல் கேள்வி: "வண்டிக்கு ஒண்ணியும் ஆவலியே?"

நல்லா இருங்க.

இரண்டாவது பேச்சு: "வெளிச்சமே இல்லாத ரோட்டுல இன்னாத்துக்கு இந்த வேலை? தை பொறந்தா நின்னுடு."

அவர் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறார். சும்மா நின்ற அவருடைய பைக்கைத்தான் நான் ஓட்டுகிறேன். பட்டுக்கடையில் முகூர்த்தப் புடவை செக்‌ஷன். கடை மூடும்போது ஊர் பஸ் போய்விட்டிருக்கும். வண்டி இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை. பேக்கிங்கில் இருக்கும் மேரிக்கும் இல்லை.

"வெளிச்சம் இல்லன்னா லைட்ட சரி பண்ணணும். வேலைய ஏங்க வுடணும்?"

"பண்ணு பாக்கலாம்."

பண்ணுகிறேன். பார்க்கட்டும்.

ஹெட்லைட் கண்ணாடியில் ஆயுத பூஜைக்கு அத்தை (அவர் அம்மா) அப்பிய சந்தனம் அடை மாதிரி காய்ந்து கிடக்கிறது. நாலு மூலைக்கும் குங்குமம் வேறு. டூத் பேஸ்ட் போட்டுத் தேய்த்தேன். அத்தை வாசலிலிருந்து:

"சாமிக்கு வெச்சத அழிச்சிட்டா வண்டி வுழாம இன்னா பண்ணும்?"

"சந்தனத்தோடதான் அத்தை நேத்து வுழுந்துது."

மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டார்.

நவ. 27, வியாழன்

மழை விட்டது. கண்ணாடி பளபளப்பு. ரோடு அதே இருட்டு. இரண்டு நாளாக மாடு எது, மேடு எது என்று தெரியாமல் உருட்டிக்கொண்டு வருகிறேன். மேரி பின்னாலிருந்து ஜெபம் சொல்கிறாள். சத்தமாக.

ஏ. வண்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை வரை தனியாகப் போய் வந்தார். சட்டைக் காலரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

"பளிச்சுன்னு இருக்குது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். லைட்டுல ஒண்ணியும் இல்ல, ஒன் கண்ணுலதான். போயி காட்டு."

சாம்பாரில் உப்பு போடவில்லை. மறந்து அல்ல.

நவ. 29, சனி

சாப்பாட்டு நேரத்தில் பட்டினி கிடந்து கண் டெஸ்ட். கடைசி வரி எழுத்துகூடப் படித்தேன். பரிசோதித்த அம்மா: "கழுகுக் கண்ணும்மா ஒனக்கு. யாரு அனுப்புனா?" யார் அனுப்பினார் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

சீட்டைக் கொண்டுவந்து காட்டினேன். ஏ. போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே "ம்" என்றார். அந்த "ம்"மை அம்மியில் வைத்து அரைக்க வேண்டும்.

பால் பாக்கெட் நாளை முதல் ஒன்று போதும்.

டிச. 1, திங்கள்

குளிர். காலையிலேயே மெக்கானிக் குமார் கடை. நான் எதிரே நிற்கிறேன், அவன் என்னைத் தாண்டிப் பார்க்கிறான். "சாரு வர்லீங்களா?"

"வண்டி ஓட்றது நானு. எங்கிட்ட சொல்லுப்பா."

பட்டப்பகலில் லைட்டைப் போட்டு, கையை முன்னால் நீட்டிப் பார்த்துவிட்டு, "சூப்பரா இருக்குதும்மா. நீங்க ஸ்கூட்டி ஓட்டுங்களேன்" என்றான். பிடிவாதமாக நின்றதும் வெள்ளை எல்இடி பல்பு ஒன்றைப் போட்டான். "இது சூரியன்மா."

சூரியன்தான். இரவு எதிரில் வந்தவன் எல்லாம் திட்டினான். லாரிக்காரன் ஒருவன் தலையை வெளியே நீட்டி, "டிம் அடி! கண்ணு அவிஞ்சி போச்சி!" டிம்மில்தான் இருக்கிறது ஐயா, இதற்குக் கீழே இறக்கப் பட்டன் இல்லை. பைக்கில் வந்த ஒருவர் கண் கூசி மண்ணில் இறங்கியே விட்டார். நல்லவேளை, விழவில்லை. டிப்பர்க்காரனைத் திட்டிய வாயால் இப்போது என்னைத் திட்ட வேண்டும்.

இவ்வளவு வெளிச்சம் எங்கேதான் போகிறது? புளியமரத்தில் தூங்கும் கொக்கைக்கூட எண்ணலாம். பள்ளம் தெரியவில்லை.

டிச. 3, புதன்

மேரி லீவு. அவள் அம்மாவுக்குக் காய்ச்சல். நான் தனியாக.

வரும்போது ரோடு தெரிந்தது! ஓரக் கோடு, வேகத்தடை, நாய், எல்லாம். யாரும் திட்டவில்லை. வண்டிக்குப் பேய் பிடித்ததா விட்டதா, புரியவில்லை.

ஏ.: "பாத்தியா? கண்ணு செரியாயிடுச்சி."

செருப்பைத் தேடினேன். போடுவதற்குத்தான்.

டிச. 4, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்!

மேரி வந்தாள், மடியில் மூட்டையோடு. ஏரிக்கரை திரும்பினோம். மறுபடி கொக்கு. மறுபடி புளியமரம். ஓரமாக நிறுத்தினேன்.

"மேரி, எறங்கு."

"இன்னாக்கா, இங்கயே வுட்டுட்டுப் போறியா?"

"எறங்குடி."

இறங்கினாள். வெளிச்சம் மரத்திலிருந்து சர்ரென்று ரோட்டுக்கு வந்தது. ஏறச் சொன்னேன். மரத்துக்குப் போனது. இறங்கு. ரோடு. ஏறு. மரம். பின்பாரத்தில் வண்டி உட்கார்ந்துவிடுகிறது, மூக்கு தூக்கிக்கொள்கிறது. அவ்வளவுதான் சங்கதி! தனியாகப் போய்ப் பார்த்தவர் ஒருவர், பகலில் பார்த்தவன் ஒருவன், என் கண்ணைப் பார்த்தவர் ஒருவர். பின்னால் ஓர் ஆளை உட்காரவைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மேரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நான் குண்டுன்றத லைட்டு போட்டு ஊருக்கே காட்டிக்கினு இருந்தியா?" என்றாள். நடுரோட்டில் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு பிடித்துக்கொண்டது. இந்த மாதத்தில் சிரித்தது அப்போதுதான்.

டிச. 5, வெள்ளி

சிரித்தது எல்லாம் ஒரே ராத்திரிக்குத்தான்.

காலையில் சொன்னேன். ஏ. இட்லியை விழுங்கிவிட்டு, "அப்போ அவள ஏத்தாத. முடிஞ்சிச்சி" என்றார்.

"அவ எப்படிங்க வேலைக்கு வருவா?"

அத்தை உள்ளேயிருந்து: "காலனிப் பொண்ண பின்னாடி ஒக்கார வெச்சிக்கினு தெருவுல வரணும்னு இன்னா தலையெழுத்து?"

அடுப்பை அணைத்தேன். "அத்தை, வுழுந்தப்ப ரத்தம் வந்தது அவளுக்கு. ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. ஏ. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். அவருக்கு எப்போதும் சரியான நேரத்தில் பஸ் வந்துவிடும்.

இன்று நாலு கல்யாண வீடு, தை முகூர்த்தத்துக்கு. நாற்பது புடவை பிரித்துப் போட்டு நாற்பதையும் மடித்தேன். ஒரு மாப்பிள்ளை அம்மா, "இந்த அரக்கு கொஞ்சம் கோவமா இருக்குது" என்றார். கட்டியிருந்தது நானோ என்று பார்த்துக்கொண்டேன்.

டிச. 9, செவ்வாய்

வானம் தெளிவு. லீவு. இன்று செய்து முடித்தேன். மறக்காமல் இருக்க வரிசை:

டயருக்குக் காற்று. பின் ஷாக் அப்சர்பர் இரண்டையும் கெட்டியாக ஏற்றினேன், இரண்டு பக்கமும் ஒரே அளவு. பழைய மஞ்சள் பல்பையே திரும்பப் போட்டேன். சூரியன் டப்பாவுக்குள் போயிற்று. பிறகு பொழுது சாய்ந்ததும் மேரியை வரச்சொன்னேன். எங்கள் வாசலுக்கு. தெரு பார்க்க.

மதில் சுவரைப் பார்த்தாற்போலக் கொஞ்சம் தள்ளி வண்டியை நிமிர்த்திப் பிடித்து நான் உட்கார்ந்தேன். பின்னால் மேரி, மடியில் மூட்டை. ஹெட்லைட் உயரத்துக்குச் சுவரில் கரிக்கோடு. வெளிச்சம் கோட்டைத் தாண்டி மதிலுக்கு மேலே, பக்கத்து வீட்டு முருங்கையில். லைட்டுக்குக் கீழே உள்ள போல்ட்டைத் தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சாய்த்து, வெளிச்சத்தின் மேல் விளிம்பு கோட்டுக்குக் கீழே வந்ததும் முறுக்கினேன். அத்தை வாசல்படியில் நின்று பார்த்தார். தண்ணீர்கூட வேண்டுமா என்று கேட்கவில்லை. மேரி கேட்காமலே, "நான் குடிச்சிட்டுத்தான்கா வந்தேன்" என்றாள். அதைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொம்பை நானே போய் எடுத்து வந்து கொடுத்தேன்.

ஏ. வந்ததும், "ஒக்காருங்க பின்னாடி" என்றேன்.

"நானா?"

"மேரி எடைதான் நீங்களும்."

ஏரிக்கரை முழுக்கக் கூட்டிப் போனேன். பள்ளம், ஓரம், வேகத்தடை, ரோட்டைக் கடந்த ஒரு சாரைப்பாம்பின் வால் வரை தெரிந்தது. எதிரே வந்த யாரும் திட்டவில்லை. ஏ. என் தோளைப் பிடித்துக்கொண்டு, "தெரியுதுதான்" என்றார்.

எவ்வளவு சந்தோஷம் எனக்கு! திரும்பி வருகிற வழியெல்லாம் நாளைக்கு மேரியிடம் எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன்.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்கிறார்:

"லைட்டு நல்லாத்தான் இருக்குது. இருந்தாலும் தை பொறந்தா நின்னுடு."

"ஏன்?"

"ஊர்ல பேசறாங்க."

"லைட்டப் பத்தியா?"

"லைட்டப் பத்தி யாரு பேசப் போறா? நீ ராத்திரில வண்டி ஓட்டிக்கினு வர்றது. அதுவும் அவளோட."

"அப்போ வெளிச்சம் இருந்தாலும் நிக்கணும், இல்லன்னாலும் நிக்கணும். இத மொதல் நாளே சொல்றதுக்கு இன்னாயா?"

கல்யாணமாகி இன்றுதான் முதல் முறையாக "யா" போட்டேன். அத்தை காதிலும் விழுந்தது. விழட்டும்.

சந்தனம், டூத் பேஸ்ட், கண் டாக்டர், சூரியன் பல்பு, லாரிக்காரன் வசவு. இல்லாத ஒரு காரணத்தை நான் பதினைந்து நாளாக ஸ்பேனரை வைத்துச் சரி பண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். சாப்பிடவில்லை. கூடம் கோணல்தான். கூடத்தைச் சொல்லாமல் ஆடுகிறவள் காலைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

டிச. 10, புதன்

பனி. பால் ஒரு பாக்கெட். தூக்கமில்லை.

ஏ. மதிலைப் பார்த்துக்கொண்டு பல் விளக்கினார். கொப்பளித்துவிட்டு, "பொங்கலுக்கு வெள்ளையடிக்கணும். அந்தக் கரிக்கோடு அசிங்கமா இருக்குது, அழிச்சிடறேன்" என்றார்.

நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துணியைக் கீழே வைத்தேன்.

"கோட்ட மட்டும் வுட்டுட்டு மீதிய அடி. லைட்டு அப்பப்ப எறங்கும். தை பொறந்தப்பறமும் மேரிய ஒக்கார வெச்சிப் பாக்கணும்."

பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வண்டியை உதைத்தேன். ஏரிக்கரை முனையில் மேரி காத்துக்கொண்டிருந்தாள், முட்டியில் இன்னும் பிளாஸ்திரி, கையில் மூட்டை.