செம்புத் தவலையும் கடல் சாமந்தியும்

மதினி,

இன்று காலையில் மருமகள் ஒரு செம்பு பாட்டில் வாங்கி வந்தாள். ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடித்தால் உடம்புக்கு அவ்வளவு நல்லதாம். வாங்கி வந்த கையோடு புளி போட்டுத் தேய்த்தாள். புளியும் செம்பும் சேர்ந்த அந்த வாடை நவி மும்பையில் இந்தக் கோபர்கைரனே வீடு முழுக்கப் பரவியதும் உங்கள் முகம்தான் எதிரே வந்து நின்றது. கூடவே கோபமும் வந்தது. நீங்கள் போய் எத்தனையோ வருஷமாகிறது. கோபம் மட்டும் இங்கேயே இருக்கிறது.

"செம்புத் தண்ணி எல்லாருக்கும் ஒத்துக்கிடாது. அதுல கெடந்து சாகப் பாத்தவ ஒருத்திய எனக்குத் தெரியும்" என்றேன்.

மருமகள் பயந்துபோனாள். "யாரு அத்தே, சொந்தக்காரங்களா?"

"அப்படித்தான் உங்க பெரியத்தை வச்சிருந்தாவ" என்று உங்களைச் சொன்னேன்.

யுத்தத்தில் வெளிச்சம் வெளியே தெரியாமலிருக்க ஜன்னலில் ஒட்டிய கறுப்புக் காகிதத்தைப் பிய்த்துப் போட்ட வருஷம் அது. திலக் நகர் வீட்டில் என் வீட்டுக்காரர், அவருக்கு அக்காவான நீங்கள், நான். மாதுங்காவில் நீங்கள் சமையல் செய்துகொண்டிருந்த பார்சி டாக்டர் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். வேறு யாராவதாக இருந்தால் இரும்பு பீரோவைக் கேட்டிருப்பார்கள். நீங்கள் கண்ணாடி மீன் தொட்டியைக் கேட்டு வாங்கி வந்தீர்கள். அதுவும் கடல் தண்ணீர்த் தொட்டி. ஒரே ஜன்னலுக்குக் கீழே, என் டிரங்குப் பெட்டியின் மேல் அது ஏறி உட்கார்ந்தது. பாறைக் குழியில் பிடித்த இரண்டு பொடி மீன்களுக்காக மோட்டார் பகலெல்லாம் கொறகொறத்தது. என் தையல் மெஷினோ இடமில்லாமல் தாராவியில் அண்ணன் வீட்டில் சாக்கு போர்த்திக் கிடந்தது. நான் ஜாக்கெட் தைத்து நாலு காசு பார்க்க நினைத்ததை அந்த மீன்கள் கெடுத்தன. அவற்றின் முகம்கூட எனக்கு மறக்கவில்லை.

மீன் போதாதென்று உங்களுக்குக் கடல் சாமந்தி வேண்டியிருந்தது. டாக்டர் அதை அனிமோன் என்பாராம். பார்த்தால் பூ. ஆனால் உயிருள்ளது. கல்லைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, இதழை நீட்டி இறால் துண்டைப் பறித்துத் தின்னும். டாக்டர் வீட்டில் அதற்குச் சோறு போட்டவர் நீங்கள்தான். "அவியளுக்கே அது நிலைக்க மாட்டேங்கும், நமக்கு எங்க?" என்று என் வீட்டுக்காரர் சொன்னதும் உங்களுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"தம்பி, அது பிழைக்கலன்னா தொட்டியத் தூக்கிருதேன். இவ மெஷினக் கொண்டாந்து போட்டுக்கிடட்டும்."

சொன்னது நீங்கள். நான் வாயே திறக்கவில்லை. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடல் தண்ணீர் வற்றிய நேரம் பார்த்துப் பாந்த்ரா பாறைக்கு என்னையும் இழுத்துப் போனீர்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பூ உட்கார்ந்திருந்த கல்லை உளியால் தட்டித் தட்டிப் பெயர்த்தீர்கள். அந்தப் பக்கம் வந்த மீன்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டே சிரித்தாள். "யே கானே கா நஹீ ஹை, பாயி!" தின்பதற்கில்லையாம். "தெரியும் போ" என்று தமிழிலேயே சொன்னீர்கள். கல்லும் பூவும் ஊறுகாய் ஜாடியில், ஜாடி என் மடியில். ரயிலில் வந்த வழியெல்லாம் உப்புத் தண்ணீர் தளும்பி என் நல்ல சேலை நாசமானது.

அதற்கு முன்பே கடல் தண்ணீர் கொண்டுவந்து தெளிய வைத்திருந்தீர்கள். எப்போதும் வைக்கும் பீங்கான் ஜாடியில் இல்லை. "புதுசா வீட்டுக்கு வாரவளுக்கு ஊறுகாய் ஜாடித் தண்ணியா?" என்று, உங்கள் கல்யாணச் சீராக வந்த செம்புத் தவலையை இறக்கி, மஞ்சள் குங்குமம் வைத்து, நிறைகுடமாக வாசலருகே வைத்தீர்கள். பிறகு பூ இருந்த ஜாடியில் அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினீர்கள். "வந்தவள ஒரேயடியா முக்கிரக் கூடாது. தம்ளர் தம்ளராப் பழக்கணும்" என்றீர்கள். நான் மருமகளாக வந்த அன்று, மாலை வாடுவதற்குள் ஒரு குவியல் பாத்திரத்தை என் முன்னால் தள்ளிய அதே கை.

தொட்டியில் விட்ட முதல் நாள் பூ விரிந்தது. மறுநாள் சுருங்கியது. அப்புறம் வதங்கிய கத்தரிக்காய் மாதிரி வாயைப் பிளந்து சாய்ந்தது. நீங்கள் காலைதோறும் தவலையிலிருந்து "நல்ல தண்ணி" எடுத்து ஊற்றினீர்கள். அது இன்னும் சுருங்கியது.

"ஏளா, நெசத்தச் சொல்லு. சோப்புத் தண்ணி ஊத்துனியா?"

"நான் ஏன் மதினி ஊத்துதேன்?"

"மெஷினுக்கு இடம் வேணும்லா?"

"சோப்புன்னா மீனும்லா செத்திருக்கும்? அது ரெண்டும் துள்ளிக்கிட்டுத்தான திரியுது!"

"மீனுக்கு நெஞ்சழுத்தம் சாஸ்தி. உன்ன மாதிரி."

அதோடு பேச்சு நின்றது. "தம்பி, அவளக் கொழம்ப எறக்கச் சொல்லு." "எறக்கியாச்சுன்னு உங்க அக்காட்டச் சொல்லுங்க." நடுவில் நின்ற மனுஷன், "எனக்கு நைட் ஷிப்டே போட்டிருக்கலாம்" என்றார்.

தண்ணீர் தீர்ந்ததும் தவலை தேய்க்க என்னிடம்தான் வந்தது. பேச்சு இல்லாவிட்டாலும் பாத்திரம் வந்துவிடும். புளியைக் கையில் எடுத்து உள்ளே பார்த்தேன். தண்ணீர் நின்ற மட்டத்தில் சுற்றிலும் பச்சைக் களிம்பு. எனக்குப் பொறி தட்டியது. ஈயம் பூசாத செம்பில் உப்பையும் புளியையும் வைக்கக்கூடாது என்று அடுப்படியில் நிற்கிற எவளுக்கும் தெரியும். சமைத்தே பிழைத்தவர் நீங்கள். கடலே உப்பு என்பது, நிறைகுடம் வைத்த சந்தோஷத்தில் உங்களுக்கு மறந்துவிட்டது. மீன் தாங்கிய களிம்பை அந்த மெல்லிசுப் பூ தாங்கவில்லை.

புளியோடு அப்படியே நின்றேன். வாயை மூடிக்கொண்டால் பூ சாகும். தொட்டி போகும், மெஷின் வரும். வாயைத் திறந்தால் மெஷின் போகும், பழியும் போகும். கொஞ்ச நேரம்தான் யோசித்தேன். மெஷின் இல்லாமல் இருந்துவிடலாம். உங்களிடம் தோற்றுப்போய் எப்படி இருப்பது?

"மதினி, இங்க வாங்க. ரசத்த ஈயம் பூசாத செம்புல ராத்திரி பூரா வைப்பியளா?"

"கூறுகெட்டவ வைப்பா."

"கடல் தண்ணிய?"

தவலைக்குள் எட்டிப் பார்த்தீர்கள். வெகுநேரம் பார்த்தீர்கள். உள்ளே திரும்பி, "தம்பி, சட்டையப் போடு. பாந்த்ரா போறோம்" என்றீர்கள்.

பூவைப் பீங்கான் பேசினில் வைத்து, ஜாடி ஜாடியாகப் புதுத் தண்ணீர் மாற்றினோம். தொட்டியையும் கொட்டிக் கழுவி நிரப்பினோம். ஒரு காலையில் அது மெல்ல விரிந்து, உங்கள் விரலிலிருந்து இறால் துண்டை வாங்கிக்கொண்டது. நீங்கள் சத்தம் போட்டுச் சிரித்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர் போனபிறகு நீங்கள் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

அடுத்த வாரம் உங்கள் கட்டில் வராந்தாவுக்குப் போயிருந்தது. அது இருந்த இடத்தில் என் மெஷின். "இடம் சும்மாத்தான கெடந்துது" என்று சொல்லிவிட்டுத் தரையில் பாய் விரித்துக்கொண்டீர்கள். சரி மதினி. ஆனால் "நான் சொன்னது தப்பு" என்று ஒரு வார்த்தை? கடைசிவரை வரவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் கையைப் பிடித்து அருகே இழுத்தீர்கள். இப்போதாவது சொல்வீர்கள் என்று காதைக் கொடுத்தேன்.

"ஏளா, இப்பமாவது சொல்லு. சோப்புத் தண்ணி ஊத்துனியா, இல்லியா?"

நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடி வந்தாள். உங்களுக்கோ சிரிப்பு அடங்கவில்லை.

அந்தத் தவலை இப்போது என்னிடம்தான் இருக்கிறது. வெட்டுத்துணி போட்டு வைத்திருக்கிறேன். கழுத்துக்குக் கீழே அந்தப் பச்சை வளையம் அப்படியே இருக்கிறது. பாட்டில் தேய்த்த புளி மிச்சமிருக்கிறதே, இதையும் தேய்த்துவிடவா என்று மருமகள் கேட்டாள். தொடாதே என்றேன்.

உங்களைப் பார்க்க வருகிறவரை எனக்கு இருக்கிற ஒரே சாட்சி அது. அதை யாராவது அழிப்பார்களா?