ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் ஏறாதே

என் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. பதிலுக்கு உன் சுகத்தைக் கேட்டு எழுதுவதுதான் முறை, ஆனால் கேட்டால் நீ வழக்கம்போல சூப்பரா இருக்கேன்ப்பா என்பாய், அந்தப் பதிலைக் கேட்க எனக்கு இப்போது தெம்பில்லை. அம்மா என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவள்மேல் கோபப்படாதே. அப்பாகிட்ட மூச்சு விடக்கூடாது என்று நீ சத்தியம் வாங்கியிருக்கிறாய், அவளும் மென்று விழுங்கிக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் நேற்றுக் காலையில் நீ காய்ச்சல் அடிக்கிறது என்று சொன்னதும் அவளால் தாங்க முடியவில்லை. நான் பஸ் டிப்போவுக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன், வாசலை மறித்துக்கொண்டு நின்று, உங்க பொண்ணுக்கு சைக்கிள் சீட்டுல உட்கார்ற இடத்துல கட்டி வந்து பழுத்திருக்கு, இப்ப காய்ச்சலும் சேர்ந்துக்கிச்சு, இதோட ஞாயித்துக்கிழமை ரெண்டு நாள் சைக்கிள் ஓட்டத்துக்குப் போறாளாம் என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். ஒரு காலில் ஷூ, இன்னொரு காலில் ஒன்றும் இல்லை, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

போனில் பேசினால் என்ன என்று கேட்பாய். பேசினேனே! நேற்று மத்தியானம் கூப்பிட்டேன் இல்லையா, சாப்பிட்டியா, அங்கே மழையா என்று கேட்டுவிட்டு, சரி வச்சிடறேன் என்று வைத்தேன் இல்லையா, அது இதற்குத்தான். மகளிடம் அந்தப் பேச்சை எப்படி எடுப்பது என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் நடு ரோட்டில் லாரிக்காரர்களோடு மல்லுக்கு நின்ற வாய் இது, பெற்ற பெண்ணிடம் புண் எப்படி இருக்கிறது என்று கேட்க வரவில்லை. அதனால்தான் பேப்பரை எடுத்தேன். இதில் நீ என் முகத்தைப் பார்க்க வேண்டாம், நானும் உன் முகத்தைப் பார்க்க வேண்டாம், பாதியில் அப்புறம் பேசறேன்ப்பா என்று நீ கட் பண்ணவும் முடியாது. முழுசாகப் படி.

அந்த ஓட்டம் உனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். வருஷம் முழுக்க அதற்காகத்தான் விடிவதற்குள் எழுந்து ஓட்டினாய், அதை முடித்தால் உன் கிளப்பின் பெண்கள் அணியில் சேர்த்துக்கொள்வார்கள் என்று நீ சொன்ன அன்றைக்கு டிப்போ முழுக்க நான் தம்பட்டம் அடித்தேன். நீ அம்மாவிடம், ஒரு சின்னக் கட்டிக்குப் பயந்து யாராவது வீட்ல உட்காருவாங்களா, ரெண்டு மாத்திரை போட்டுக்கிட்டா ஓட்டிடலாம் என்று சொன்னாயாம். சின்னக் கட்டியாம்! உட்கார்ந்தே பிழைப்பு நடத்துகிற டிரைவர் வர்க்கம் மகளே நாங்கள், அந்தக் கட்டியைப் பற்றி எங்களுக்கு நீ பாடம் எடுக்காதே. வெயில் நாளில் இன்ஜின் சூட்டில் வேர்வையோடு ஒரே இடத்தில் தேய்ந்து தேய்ந்து முதலில் சிவக்கும், பிறகு அரிக்கும், பிறகு ஒரு முடியின் அடியில் மிளகு மாதிரி ஒன்று எழும்பும், அதை விட்டுவிட்டால் உள்ளே சீழ் கட்டும். அதுவரைக்கும் அது தோலின் வியாதி. காய்ச்சல் வந்துவிட்டால் அது உடம்பின் வியாதி. இந்த வித்தியாசம் உனக்குப் புரிய வேண்டும் என்றுதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று டிப்போவில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேராக மார்க்கெட் பக்கத்தில் இருக்கிற சைக்கிள் கடைக்குப் போனேன். அந்தக் கடையை நடத்துகிற அம்மா அந்தக் காலத்தில் பந்தயத்தில் ஓட்டியவர் என்று கேள்வி. உள்ளே இரண்டு ஆம்பிளைகள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தார்கள், அவர்கள் போகிறவரைக்கும் நான் சுவரில் தொங்கிய பெல்லை எல்லாம் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அந்த அம்மாவே, அண்ணே பெல்லு வேணுமா இல்ல வேற ஏதாவதா என்று கேட்டுவிட்டார். எப்படியோ தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அது எனக்குப் பெரிய ஆறுதல். முதல் கேள்வியே, சீட்டு மேல ஏதாவது உறை போட்டிருக்காளா என்பதுதான். நான் பெருமையாக, ஆமாம், நான்தான் தைத்து அனுப்பினேன், எங்க டிப்போ சீட் தைக்கிறவர் கையால, ரெண்டு அடுக்கு ஸ்பாஞ்சு, மேலே பஸ் சீட் ரெக்சின், நாலு பக்கமும் நாடா என்று சொன்னேன். அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீங்க சீட்ல உட்கார்ந்தா உட்கார்ந்ததுதான் அண்ணே, அவளுக்கு உட்கார்ந்த இடத்துல இருந்தே கால் ஓடிக்கிட்டே இருக்கும், மெத்து மெத்துன்னு இருந்தா இடுப்பெலும்பு ரெண்டும் உள்ளே அமுங்கிடும், நடுவுல ஸ்பாஞ்சு எழும்பி மெல்லிசான இடத்துல அழுத்தும், ரெக்சின் வேர்வையைக் குடிக்காது, ஒவ்வொரு மிதிக்கும் உறை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்ந்து அரம் மாதிரி தேய்க்கும். அதோடு உறையின் உயரத்தால் நீ எட்டி எட்டி மிதித்திருப்பாயாம், இடுப்பு ஆடி ஆடி உராய்ந்திருக்குமாம். டிரைவர் வீட்டில் மட்டும்தான் இப்படி ஒரு கூத்து நடக்கும். பஸ் சீட்டைக் கொண்டுபோய் சைக்கிளில் கட்டியிருக்கிறோம்! சரி, எனக்குத்தான் தெரியவில்லை, உனக்கு வலித்ததே, அதைக் கழற்றித் தூக்கி வீச வேண்டியதுதானே? அம்மாவிடம் கேட்டால், அப்பா ஆசையா தைச்சுக் கொடுத்தது, கழட்டினா மனசு கஷ்டப்படும்னு சொன்னா என்கிறாள். அடிப் பாவி மகளே, உன் தோல் கிழிவதை விடவா என் மனசு பெரிசு? இன்றைக்கே கத்தரிக்கோலால் நாடாவை வெட்டு. எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

இன்னும் சிலது சொன்னார், எல்லாம் புண் ஆறிய பிறகு பார்க்க வேண்டியது. உன் இடுப்பெலும்பின் அகலத்துக்குத் தகுந்த சீட்டு வேண்டுமாம், பெண்களுக்கு அந்த அகலம் வேறாக இருக்கும், நடுவில் பள்ளம் விட்ட சீட்டும் வருகிறது, கடையில் உட்கார வைத்து அளந்து தருவார்களாம். சீட்டின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டிருக்கக் கூடாது. ஓட்டும்போது அவ்வப்போது எழுந்து நின்று மிதித்து ரத்த ஓட்டம் விட வேண்டும். சைக்கிளுக்கென்று நீ போடுகிற அந்தப் பஞ்சு வைத்த ஷார்ட்ஸுக்கு உள்ளே உள்ளாடை போடவே கூடாதாம், அதன் தையல் ஓரம்தான் முதல் எதிரி என்றார். இதை வீட்டில் வந்து சொன்னபோது உன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள், பொம்பளப் பிள்ளை அப்படி எப்படிங்க ரோட்டுல போகும் என்றாள், நான் சொல்லவில்லையடி, சைக்கிள் ஓட்டின அம்மாவே சொல்கிறார் என்றதும், சரி அதையும் எழுதுங்க என்றாள். அடுத்து வருவதெல்லாம் அவள் அடுப்படியில் இருந்து சொல்லச் சொல்ல எழுதுவது, என் காதில் ஒன்றும் விழவில்லை என்று வைத்துக்கொள். அந்த இடத்தில் முடியை மழிக்காதே, மறுபடி முளைக்கிற முடி தோலுக்குள்ளேயே வளர்ந்து கட்டியாகும், வேண்டுமென்றால் கத்தரித்து விடு. மாத நாட்களில் நாப்கினோடு நெடுந்தூரம் ஓட்டாதே, அதுவும் அறுக்கும். வாசனை இல்லாத கிரீமை ஏறுவதற்கு முன்னால் தடவு. இறங்கியவுடனே அந்த ஷார்ட்ஸை அவிழ்த்துவிடு, நனைந்த துணியோடு உட்கார்ந்து தோழிகளோடு டீ குடித்துக் கதை பேசாதே, கழுவி, ஈரம் போகத் துடைத்து, தொளதொளவென்று பருத்தித் துணி போட்டுக்கொள். ஒரு தடவை போட்டதைத் துவைக்காமல் மறுபடி போடாதே. இது அத்தனையும் சொல்லிவிட்டு அவள் அடுப்படியிலேயே நின்று அழுகிறாள், வெங்காயம்தான் என்கிறாள், வெங்காயக் கூடை இங்கே என் காலடியில் இருக்கிறது.

இப்போது சொல்லப் போவதை அம்மா எழுத வேண்டாம் என்கிறாள். பிள்ளையைப் பயமுறுத்தாதீங்க என்கிறாள். நான் பயந்துபோய் இருக்கிறேன், நீயும் கொஞ்சம் பயந்தால் நல்லது. எங்கள் டிப்போவில் டிரைவராக இருந்த ஹாரன் பெரியப்பாவை நீ மறந்திருக்க மாட்டாய், உன்னை மடியில் உட்கார வைத்து டிப்போ அதிர ஹாரன் அடிக்கவிட்டு மேனேஜரிடம் திட்டு வாங்குவாரே, அவர்தான். காய்ச்சலில் போய்விட்டார் என்று உனக்குச் சொன்னோம். அது பொய் இல்லை, ஆனால் அந்தக் காய்ச்சல் எங்கே பிடித்தது என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அவர் அந்த நாட்களில் டீக்கடையில் பெஞ்சு காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே குடிப்பார். வண்டியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து ஓட்டுவார். என்னண்ணே, சீட்ல முள்ளு கிள்ளு வச்சுட்டாங்களா என்று நாங்கள் கிண்டல் பண்ணுவோம், அவரும் சிரிப்பார். உனக்கு வந்த மாதிரியே ஒரு கட்டி, அதைத் தன் கையாலேயே பிதுக்கிவிட்டிருக்கிறார். பெரியம்மாவிடம் சொல்ல வெட்கம், ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர், அங்கே காட்ட வெட்கம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு டியூட்டி பார்த்தார். ஒரு சாயங்காலம் வண்டியை ஒழுங்காகக் கொண்டுவந்து நிறுத்தினார், ஆனால் கீழே இறங்கவில்லை. போய்ப் பார்த்தால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிறார், தொட்டால் அனலாகக் கொதிக்கிறது. நானும் இன்னொருவருமாகத் தூக்கி இறக்கினோம். விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். வார்டில் நான் பக்கத்தில் இருந்தபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, வெக்கப்பட்டுட்டேன்டா என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

நீயும் இப்போது நின்றுகொண்டே சாப்பிடுகிறாயாம், ஆபீசில் எல்லோரும் என்னடி தவம் பண்றியா என்று கேட்கிறார்களாம், அதை அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாயாம். அம்மாவும் சிரித்தாளாம். ஹாரன் பெரியப்பாவும் இப்படித்தான் சிரித்தார். உனக்கு அவர் மாதிரி ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை, நாக்கில் நெருப்பை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்வேனா? நேரத்தோடு காட்டினால் கீறிச் சீழை எடுத்துவிட்டு மருந்து கொடுப்பார்கள், பத்து நாளில் ஓடியாடிக்கொண்டிருப்பாய் என்று சைக்கிள் கடை அம்மா சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார், அவருக்கே ஒரு தடவை வந்திருக்கிறது, ஒரு பந்தயத்தையே விட்டிருக்கிறார். ஆனால் புண்ணோடும் காய்ச்சலோடும் இரண்டு நாள் அதே இடத்தின்மேல் உட்கார்ந்து தேய்த்தாய் என்றால் என்ன ஆகும் என்று கேட்டேன், அவர் ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அணி அடுத்த வருஷமும் ஆள் எடுக்கும். எடுக்காவிட்டால் போகட்டும், நீ என்மேல் கோபித்துக்கொண்டு எத்தனை மாசம் வேண்டுமானாலும் பேசாமல் இரு, பேசாமல் இருக்க நீ இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

நானே ஏன் புறப்பட்டு வரவில்லை என்றால், நான் வந்தால் நீ தண்ணீர் கொண்டு வருகிறேன் டீ போடுகிறேன் என்று குதித்து நடந்து ஒன்றுமே இல்லாத மாதிரி நடித்துக் காட்டுவாய், டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாலும் அந்தத் திரைக்கு அந்தப் பக்கம் என்னால் வர முடியாது. அதனால்தான் இதைத் தபாலில் போடாமல், உன் ஊருக்கு வருகிற எங்கள் டிப்போ வண்டியின் கண்டக்டர் அத்தை கையில் கொடுத்து அனுப்புகிறேன். காலையில் வந்து இறங்கினால் சாயங்காலம்தான் அவளுக்குத் திரும்புகிற வண்டி, ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தை உனக்காக விட்டுக்கொடுத்திருக்கிறாள். உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு லேடி டாக்டருக்குப் போன் பண்ணி, நீ இதைப் படிக்கிற அன்றைக்கே பார்ப்பதாகச் சொல்ல வைத்துவிட்டாள். அவளிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன், கடிதத்தைக் கொடுத்துவிட்டு எதுவும் பேசாதே தாயி, என் மகள் படித்து முடிக்கிற வரைக்கும் எதிரே உட்கார்ந்திரு என்று. அவளுக்கு எல்லாம் தெரியும், நீ எதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. டாக்டரிடமும் அவளே முதல் வார்த்தையைச் சொல்லித் தருவாள். படுக்கச் சொன்னால் படுத்துக்கொள், நானும் அம்மாவும் அடுத்த வண்டியில் ஏறிவிடுகிறோம்.

நீ நீண்ட ஆயுளோடும் உடம்பு வலுவோடும் நல்லபடியாக இருக்க வேண்டும், உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று உன் அம்மாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். சைக்கிள் பூட்டின் சாவியை அத்தையிடம் கொடுத்துவிடு, மறக்காதே. இவ்வளவுதான் விஷயம். இப்போது தலையை நிமிர்த்திப் பார். அவள் உன் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறாள். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பு, என் கண்ணே, வெட்கப்படாதே.

போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும்,
உன் அப்பா