சவலைக்குச் சமைத்த சோறு

மல்லிகா, என் கண்ணு,

சவலை போய்விட்டது. நான்தான் கொன்றேன். இதை வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

நம் ஆய்வுக்கூடத்தில் நீ கண்டெடுத்த பாக்டீரியா. அதன் சொந்தபந்தங்களெல்லாம் பி1 வைட்டமினைத் தாங்களே செய்துகொள்ளும். மரபணு ஒன்று பிசகிப் பிறந்ததால் இதற்கு மட்டும் அது வராது. நாம் ஊட்டினால்தான் வளரும். தாய்ப்பால் கிடைக்காமல் ஏங்கும் பிள்ளை மாதிரி இருக்கிறது என்று நீதான் அந்தப் பெயரை வைத்தாய். நம் மலாய் மேடம் வாயில் அது "சவாலே" ஆகிவிடும், நீ சிரித்துக்கொண்டே இருப்பாய்.

ஆஸ்பத்திரியில் உனக்கு ஒரு வாய்க் கஞ்சிகூட இறங்காத நாளில் நீ என்னிடம் கேட்டது ஒன்றுதான். "அக்கா, சவலைய பட்டினி போட்டுடாதீங்க லா."

அந்த வாரமே உறைபெட்டி பழுதாகி, நீ சேமித்த சவலைக் குப்பிகளெல்லாம் கெட்டுப்போயின. சவலை வளர்ந்திருந்த ஒரே ஒரு கண்ணாடித் தட்டுதான் மிச்சம். உன்னிடம் அதை மறைத்துவிட்டேன்.

செந்தூலில் உன் பதினாறாம் நாள் காரியத்துக்குச் சாம்பார் வைத்தேன். மறுநாள் அதே கையால் சவலைக்குப் புதுச் சோறு சமைத்தேன். உப்பு, சர்க்கரை, உறையவைக்கும் அகார், பி1 எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, கிருமி கொல்லும் நீராவிக் கொப்பரையான ஆட்டோகிளேவில் வேகவைத்தேன். "பி1 ஆறின பிறகுதான், சூடு பட்டா அழிஞ்சிடும்" என்று உன் நோட்டில் சிவப்பு மையில் இருக்கிறது. பதினொரு வருஷமாக இதே வேலை செய்கிறவளுக்கு அது எப்படி மறந்தது?

பழைய தட்டிலிருந்து சவலையைக் கொஞ்சம் எடுத்து அதில் தடவிவைத்தேன். இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் கடுகு மாதிரி ஏழெட்டுப் புள்ளிகள். பிழைத்துக்கொண்டது என்று அழுதேன். அந்தச் சந்தோஷத்தில் பழைய தட்டைக் குப்பையில் போட்டுவிட்டேன்.

பிறகு பி1 இல்லாத தட்டில் வைத்துப் பார்த்தேன். அதிலும் வளர்ந்தது. பட்டினியில் சவலை வளரவேயில்லை. மரபணுப் பிசகு தானாகச் சரியாகிப்போன சில மட்டும் தலையெடுத்திருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியாக எடுத்துத் தேடினேன். ஒன்றுகூட நம்முடையது இல்லை.

இப்போது அது கொழுகொழுவென்று இருக்கிறது. யார் தயவும் அதற்கு வேண்டாம். பிள்ளை தேறிவிட்டது என்று நான் மகிழ வேண்டாமா? எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வேறொன்று தேடிக்கொள்ளலாம், அதுவரை இதற்கே சவலை என்று எழுதி வை என்கிறார் மேடம். நல்ல மனசுதான். காலையில் கிள்ளான் ரயிலிலிருந்து இறங்கியதும் கே.எல். சென்ட்ரலில், நீ வந்து சேர்ந்துகொள்ளும் நம் தூணருகே இன்றும் இரண்டு நிமிடம் நிற்கிறேன். அவருக்கு அது தெரியாது.

நீ வைத்த பெயரை இதன்மேல் ஒட்டமாட்டேன், கண்ணு. உன் நோட்டின் கடைசிப் பக்கத்தில், உன் கையெழுத்துக்குக் கீழே, பட்டினி போட்டது நான்தான் என்று எழுதிவைப்பேன். இது சத்தியம்.

கூடப் பிறக்காத உன் அக்கா,
சாந்தி