கேட்கிறதா, தெரிகிறேனா

செப்டம்பர் 3, புதன்

இன்று ஆறு அழைப்புகள். ஆறுக்கும் முன்னால் ஆறு சோதனை.

சித்தியின் கடையில் மூன்று அறைகள். அறை என்பது சித்தி பெருமைக்குச் சொல்வது. மெல்லிய மரப்பலகையால் தடுத்த மூன்று பொந்துகள் என்பதுதான் சரி. ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. வீட்டில் சத்தமில்லாத மூலை கிடைக்காதவர்கள் இங்கே வந்து, வேலைக்கான நேர்காணலோ, டாக்டரோ, வெளிநாட்டுச் சொந்தமோ, பேசிவிட்டுப் போவார்கள். அவர்கள் வருவதற்குக் கால் மணி நேரம் முன்னால் மைக் பிடிக்கிறதா, கேமரா தெரிகிறதா, வெளிச்சம் முகத்தில் விழுகிறதா என்று பார்த்து வைப்பது என் வேலை.

ஒற்றை ஆளாய்ச் சோதிப்பதில் ஒரு சிரமம். முதல் அறையிலிருந்து மூன்றாம் அறைக்கு அழைத்து "கேக்குதா" என்று சொல்லிவிட்டு நான் ஓடுவதற்குள் என் குரல் அங்கே போய்ச் சேர்ந்து, அடங்கியும் போயிருக்கும். அதனால் மைக் முன்னால் மேஜைக் கடிகாரத்தை வைத்துவிடுவேன். அது விடாமல் பேசும். கேமரா முன்னால் ஒரு தலையணை, பழைய நீலச் சட்டை போட்டு, தலைக்குக் கறுப்புக் கம்பளித் தொப்பி மாட்டி. சித்தி அதற்குப் பஞ்சு மேடம் என்று பெயர் வைத்திருக்கிறாள்.

"நீயே ஒக்காந்து பாத்துக்க வேண்டியதுதானே. மேடத்துக்கு எதுக்கு தொந்தரவு குடுக்கிற?" என்றாள் இன்றும்.

ஓடுகிற வேலை மிச்சம் என்று சொன்னேன். அது பாதிதான் உண்மை. என் முகம் திரையில் வந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. இதை வேறு யாரிடம் சொல்ல முடியும், இங்கேதான் எழுத முடியும்.

செப்டம்பர் 5, வெள்ளி

கடிதம் வந்துவிட்டது. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன்!

பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கான மாலை வகுப்பு. இரண்டு வருடம் படித்தால் சான்றிதழ். ஆகஸ்டில் ஒருவருக்கும் தெரியாமல் எழுதிய தேர்வு. கடை விலாசம் கொடுத்திருந்ததால் உறையைச் சித்தி பிரித்துவிட்டாள். வாசலில் நின்றே உரக்கப் படித்தாள். முதல் பத்தியில் நான் குதித்தேன். இரண்டாம் பத்தியில் உட்கார்ந்துவிட்டேன்.

வாய்மொழித் தேர்வு, செப்டம்பர் 26, பத்து நிமிடம், வீடியோ அழைப்பில். முகம் முழு நேரமும் தெரிய வேண்டும்.

"வீடியோ கால்தானா? ஊருக்கெல்லாம் டெஸ்ட் பண்றவளுக்கே டெஸ்டா?" என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள்.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். தோற்றால் அவளுக்குத் தெரியவே வேண்டாம்.

செப்டம்பர் 6, சனி

தூக்கம் வராமல் புரண்டபோது யோசித்தது. நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு வருடம் வீட்டை நான் பார்த்துக்கொண்டேன். அம்மா தேறி மறுபடி சலவைக்கடைக்கு இஸ்திரி போடப் போனாள். நான் பள்ளிக்குத் திரும்பப் போனால் என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு, எல்லோரும் திரும்பிப் பார்க்க, பின்வரிசையில் உட்கார வேண்டும். போகாதே என்று யாரும் சொல்லவில்லை. போகிறேன் என்று நானும் சொல்லவில்லை. அப்படியே மூன்று வருடம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று நடந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு வலிக்கிறது, சிரித்து.

செவ்வாய்தோறும் கப்பல்காரர் மனைவி வருவாள். கணவர் எங்கோ நடுக்கடலில், சரக்குக் கப்பலில். நான் மூன்றாம் அறையைச் சோதிக்கும்போது, ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய் எடுக்க வேண்டாமென்று, வருகிற அழைப்பைத் தானே எடுத்துக்கொள்ளும்படி மாற்றி வைப்பேன். முடிந்ததும் பழையபடி திருப்ப வேண்டும். மறந்துவிட்டேன். மேடத்தையும் நாற்காலியிலிருந்து எடுக்கவில்லை. விளக்கை மட்டும் ஞாபகமாக அணைத்திருக்கிறேன்.

கப்பல்காரர் பத்து நிமிடம் முன்னதாகவே அழைத்துவிட்டார். கம்ப்யூட்டர் தானே எடுத்துவிட்டது. அரையிருட்டில் நீலச் சட்டையும் தொப்பியுமாக ஓர் உருவம். மனிதர் பேச ஆரம்பித்துவிட்டார். அவர் அம்மா வீட்டுச் சண்டை, கப்பல் சமையல்காரனின் உப்பு, போன மாதம் இவளிடம் கோபமாகப் பேசியதற்கு மன்னிப்பு, எல்லாம்.

மனைவி வந்து கதவைத் திறந்தபோது அவர் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கும் கேட்டது. "கல்யாணமாகி பதினாலு வருஷத்துல இன்னிக்குத்தான் நான் பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாம கேட்டிருக்க. மனசு லேசா ஆயிருச்சு."

அவள் தலையணையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் கதவோரமாகச் சுருங்கி நின்றேன். அவள் மேடத்தை மெல்ல நகர்த்திவிட்டுத் தான் உட்கார்ந்து, "ஆமாங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அந்த மன்னிப்ப மட்டும் இன்னொரு தடவ சொல்லுங்க, சரியா கேக்கல" என்றாள்.

போகும்போது என் காதோரம், "அடுத்த வாரமும் ஒரு அஞ்சு நிமிஷம் மேடத்த ஒக்கார வை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சித்தி கல்லாவில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு திட்டவும் திட்டினாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

மேடத்தை அலமாரியில் வைத்துவிட்டு நானே உட்கார்ந்து பார்த்தேன். நான்கு விநாடி.

செப்டம்பர் 14, ஞாயிறு

திரையில் என் முகம் தெரிகிற மூலையில் காகிதம் ஒட்டிப் பார்த்தேன். இன்னும் மோசம். எனக்குத் தெரியாத எதையோ எதிரே இருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பு வந்துவிட்டது. கிழித்துவிட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

சித்தி தேர்வாளராக முதல் அறையில் உட்கார்ந்தாள். கண்ணாடி வேறு போட்டுக்கொண்டாள், அது கணக்கு எழுதும்போது மட்டும் போடுவது.

"உங்க பேரு? வயசு? நேத்து டீயில ஏன் சர்க்கர போடல?"

சிரிப்பு வந்தது. சிரித்தபடியே பேசவும் வந்தது. பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றாள். அவ்வளவுதான். வாய் திறந்திருக்கிறது, காற்று கூட வரவில்லை. என்னைப் பற்றி என்ன இருக்கிறது சொல்ல?

சித்தி எழுந்து வந்து டீ போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை கூடுதல்.

செப்டம்பர் 25, வியாழன்

நான்கு தடவை சோதித்துவிட்டேன். மைக் சரி. கேமரா சரி. விளக்கு சரி. நான்?

செப்டம்பர் 26, வெள்ளி

நடந்ததை மறப்பதற்குள் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பதினோரு மணிக்கு அழைப்பு. மூன்றாம் அறை. சித்தி வெளியே "தேர்வு நடக்கிறது, சத்தம் கூடாது" என்று அட்டை எழுதித் தொங்கவிட்டு, அதற்குப் பக்கத்தில் காவலுக்கும் நின்றாள்.

திரையில் ஒரு அம்மா. என் அம்மாவைவிடக் கொஞ்சம் வயது கூட இருக்கும். சாம்பல் நிற ஸ்வெட்டர், தலையில் ஹெட்செட். உதடு அசைகிறது, சத்தம் இல்லை. நான் காதைத் தொட்டுத் தலையாட்டினேன். அவர் அங்கே இங்கே அழுத்தினார். மறுபடி உதடு அசைந்தது. மறுபடி ஒன்றுமில்லை. "நான் பேசுறது கேக்குதா மேடம்?" என்றேன். கேட்கிறது என்று தலையசைத்தார். பிறகு ஒரு தாளில் எழுதிக் காட்டினார். "மைக் வேலை செய்யவில்லை. இன்னும் ஒரு நிமிடம் பார்க்கிறேன். இல்லையென்றால் உங்கள் தேர்வு மார்ச்சுக்குத் தள்ளிப்போகும். மன்னிக்கவும்."

மார்ச். ஆறு மாதம். என் மேல் தப்பில்லை. யாரும் என்னைத் தோற்றவள் என்று சொல்ல மாட்டார்கள்.

இதற்குள் நான் பார்த்துவிட்டேன். அவர் ஹெட்செட்டின் வயரில், ஸ்வெட்டர் மடிப்புக்குள் பாதி மறைந்து, ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம். வயரிலேயே மைக்கை அணைக்கிற பொத்தான் இருக்கும். கை தவறிப் பட்டால் அணைந்துவிடும், கம்ப்யூட்டருக்கு அது தெரியாது, எல்லாம் சரி என்றே காட்டும். எங்கள் கடையில் வாரத்துக்கு ஒருவராவது அதில் மாட்டிக்கொண்டு முழிப்பார்.

தெரிந்தும் பத்து விநாடி சும்மா இருந்தேன். இங்கே எழுதுகிறேன், வேறு எங்கேயும் சொல்ல மாட்டேன். பத்து விநாடி இருக்கும். அவர் திரையை மூக்கு முட்டப் பார்த்துக்கொண்டு, நெற்றி வியர்க்க, எதையோ தேடிக்கொண்டே இருந்தார். வேலை நேர்காணலுக்கு வந்துவிட்டு மைக் பேசாமல் கண் கலங்குபவர்கள் முகம் அப்படித்தான் இருக்கும்.

"மேடம், ஹெட்செட் வயர்ல சின்னதா ஒரு கட்ட மாதிரி தொங்கும் பாருங்க. அதுல செவப்பா எரியுது. அதில்ல, அது ஸ்வெட்டர் பட்டன். இன்னும் கீழ. இடது பக்கம். என் இடது இல்ல, உங்க இடது. ம், அதான். ஒரு தடவ அழுத்துங்க."

சிவப்பு போய்விட்டது. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி ஒரு குரல் வந்தது.

"மைக் உங்க நெத்தி மேல நிக்குது மேடம். வாய்கிட்ட இறக்கி விடுங்க. அப்புறம் பின்னாடி ஜன்னல் வெளிச்சம் அடிக்குது, உங்க முகம் கொஞ்சம் இருட்டா தெரியுது. ஜன்னல் திரைய இழுத்து விட்டீங்கன்னா நல்லாருக்கும்."

எழுந்து போய் இழுத்துவிட்டார்! நான் சொல்லி, தேர்வாளர்.

உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். "காலையில மூணு பேர்கிட்ட நல்லா பேசினேன். நாலாவது ஆளுக்குக் கேக்கலன்னு மார்ச்சுக்குத் தள்ளி வச்சிட்டேன். பாவம், பெரியவர், லீவு போட்டு வந்திருந்தார்."

"அவர திரும்பக் கூப்பிடுங்க மேடம். அவர் மேல தப்பில்லையே."

தாளில் எதையோ குறித்துக்கொண்டார். "கூப்பிடறேன். இப்ப நம்ம தேர்வ ஆரம்பிக்கலாமா? உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்."

போச்சு. நாக்கு ஒட்டிக்கொண்டது. மூலையில் என் முகம், வாயைப் பிளந்துகொண்டு. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் தெரியவில்லை. கடைசியில் வாயில் வந்தது, நாள் முழுக்கச் சொல்கிற சொல்தான்.

"கேக்குதா மேடம்?"

"நல்லா கேக்குது."

"நான் தெரியறேனா?"

"நல்லா தெரியறீங்க."

அப்புறம் பேசினேன். எப்படி வந்தது என்று புரியவில்லை. எங்கள் கடையில் தடுப்பு மெல்லிசு, உள்ளே பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும் என்று சொன்னேன். மூன்று வருடமாக ஊரார் நேர்காணலையெல்லாம் கேட்கிறேன் என்றேன். "எல்லாத்துலயும் மொத கேள்வி, என்ன படிச்சிருக்கீங்க. மத்த கேள்விக்கெல்லாம் மனசுக்குள்ள நானும் பதில் சொல்லிருவேன் மேடம். அந்த மொத கேள்விக்கு மட்டும் எங்கிட்ட பதில் இல்ல. அதுக்குத்தான் வந்தேன்."

நேரம் முடிந்து மூன்று நிமிடம் கூடுதலாகப் பேசியிருக்கிறோம். வெளியே வந்தபோது சித்தி அட்டையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கேக்கக் கூடாதுன்னுதான் நெனச்சேன். தடுப்பு மெல்லிசுடி" என்றாள், கண்ணைத் துடைத்தபடி.

அக்டோபர் 8, புதன்

இடம் கிடைத்துவிட்டது. செவ்வாய், வியாழன், சனி. மாலை ஆறிலிருந்து எட்டு, சித்தி கடையிலிருந்தே, வீடியோவில்.

அம்மாவிடம் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பிறகு, "செவ்வாய், வியாழன், சனி ராத்திரி சமையல் யாரு?"

"நீதான்மா."

"சரி. குறை சொல்லாம சாப்பிடணும்" என்றாள். மறுபடி பெட்டியை எடுத்துத் தேய்த்த சட்டையையே தேய்த்தாள். மூன்று தடவை.

அக்டோபர் 21, செவ்வாய்

முதல் வகுப்பு. திரையில் இருபத்திரண்டு சதுரம். அதில் ஒன்று நான். இன்னொன்றில் நரைத்த மீசையோடு ஒரு பெரியவர், தொழிற்சாலைச் சீருடையோடே உட்கார்ந்திருந்தார். லீவு கிடைக்கவில்லையாம், இடைவேளையில் சேர்ந்தாராம்.

கூச்சமாக இருப்பவர்கள் கேமராவை அணைத்துக்கொள்ளலாம் என்றார் ஆசிரியர். ஒவ்வொன்றாகப் பதினான்கு சதுரம் கறுப்பாயின. என் கை மவுஸ் வரைக்கும் போனது, பிறகு நோட்டுக்கே திரும்பிவிட்டது.

பாதி வகுப்பில்தான் மூலையில் கவனித்தேன். என் கன்னத்தில் பேனா மை, இத்தனை நீளத்துக்கு. எவ்வளவு நேரமாகவோ. துடைத்திருக்கலாம். எழுதிக்கொள்ள நிறைய இருந்தது.