பிஸ்கட் டின்னில் ஒரு ரேடியோ

1957 ஜூலை 20, சனி

விடிந்ததிலிருந்து தூறல். தைக்க நனைத்த துணி எதுவும் காயவில்லை. அண்ணனுக்கு வேலை போய் ஒரு மாதத்துக்கு மேல். கித்தா (ரப்பர்) கம்பெனி துரை கடையை மூடிவிட்டுக் கப்பல் ஏறிவிட்டார். சுதந்திரம் வரப்போகிறது, இங்கே இனி அவருக்கு என்ன இருக்கிறது. அண்ணனுக்கும் ஒன்றும் இல்லை. நாள் முழுக்கச் சாய்வு நாற்காலி. பேச்சுக்கு மட்டும் குறைவில்லை.

இன்றைய பேச்சு ரேடியோ. மெர்டேக்கா, சுதந்திர நாள் அன்று எங்கள் காஜா பெராங் தெரு முழுக்கக் கேட்குமாம், நம் வீடு மட்டும் ஊமையாம். கடையில் விலை விசாரித்து வந்த அண்ணி நேரே போய் அரிசிப் பானையைத் திறந்து பார்த்தார்.

"நான் செஞ்சு பாக்கட்டுமாண்ணே?"

"ரேடியோ என்ன தோசையா?"

அப்பா இறந்த வருடம் நான் கான்வென்டை விட்டு நின்றபோது விஞ்ஞான டீச்சர் ஒரு புத்தகம் கொடுத்தார். மூன்று வால்வு ரேடியோ செய்யும் முறை, படத்தோடு. இத்தனை வருடமும் கதைப்புத்தகம் மாதிரி அதைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். தையல் காசு கொஞ்சம் உண்டு. முழு ரேடியோவுக்குக் காணாது. சாமானாக வாங்கினால் காணும். ஒன்றுகூடத் தப்பாக வாங்காமல் இருந்தால்.

ஜூலை 24, புதன்

வெயில். எதைப் புதிதாக வாங்குவது, எதைப் பழையதாக வாங்குவது. மிச்சத் துணியில் ரவிக்கைக்குக் கை வைக்கும்போதும் இதே யோசனை.

கண்டென்சர் — புதிது. பழையது உள்ளே காய்ந்திருக்கும். இதில் மிச்சம் பிடித்தால் எல்லாம் வீண்.
வால்வு — பழையது. பட்டாளத்துச் சரக்கு.
ஸ்பீக்கர் — பழையது. காகிதம் கிழியாமல் இருந்தால் போதும்.
சுருள் — நானே சுற்றுவது. பவுடர் டப்பாவின் அட்டைக் குழாய் இருக்கிறது.
அடிப்பெட்டி — பிஸ்கட் டின்.
டிரான்ஸ்பார்மர் — தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

மத்தியானம் ஆற்றோரப் பழைய சாமான் கடை. என்னைப் பார்த்ததும் தௌக்கே, கடைக்காரச் சீனர், தையல் மிஷின் அந்தப் பக்கம் என்று மலாயில் சொல்லிக் கை காட்டினார். வால்வு என்றேன். ஒரு மரப்பெட்டியைக் காலால் தள்ளிவிட்டார். டார்ச் பேட்டரியும் பல்பும் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன், உள்ளே இழை அறுந்ததா இல்லையா என்று. பாதிக்கு மேல் செத்தவை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் இரண்டாவது பெட்டியை அவரே தூக்கி வந்து வைத்தார். விலையில் மட்டும் இறங்கவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பெண்டஹாரா ரோடு, ரேடியோ கடை. கண்டென்சர் வாங்கியாயிற்று. டிரான்ஸ்பார்மர் இரண்டு காட்டினார் முதலாளி. பழையது பெரிது, மலிவு. மூக்குக்கிட்டே கொண்டுபோனேன். கருகிய வாடை. புதியது சின்னது, விலை அதிகம். புதியதையே எடுத்தேன். இனி மரப்பெட்டிக்கும் முகப்புக்கும் காசு இல்லை. முகம் இல்லாத ரேடியோ.

"அண்ணன் எழுதிக் குடுத்தாரா?" என்று கேட்டார், அண்ணனைத் தெரிந்தவர்.

"இல்லீங்க. நான்தான் செய்யுறேன்."

கதவில் ஒட்டியிருந்தது: ரிப்பேருக்கு ஆள் தேவை. கேட்டுவிட்டேன். கேட்காமல் வந்திருக்கலாம்.

"பொம்பளப் புள்ளய உக்கார வச்சா வர்றவன் ரேடியோவையா பாப்பான்? வேணாம்மா." கனிவாகத்தான் சொன்னார். கனிவாகச் சொன்னால் திட்டவும் முடியவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

புழுக்கம். ஈயம் பற்றவைக்கும் சால்டர் இரும்பைக் கரி அடுப்பில் காய வைத்ததில் அண்ணிக்குக் கோபம். "குழம்புல ஈயம் விழுந்தா யாரு சாவுறது?" நியாயம்தான்.

பக்கத்து வீட்டு பீபி பகல் முழுக்க என்னோடு உட்கார்ந்திருந்தார். சிட்டிக்காரர், தலைமுறைகளுக்கு முன் வந்த தமிழ்க் குடும்பம், இப்போது தமிழ் வராது, மலாயில்தான் பேச்சு. நான் சுருள் சுற்றினேன், அவர் கம்பியை இழுத்துப் பிடித்தார். ரம்புத்தான் மரத்துக்கு ஏரியல் கட்டினோம்.

சாயங்காலம் சுவிட்ச் போட்டேன். உர்ரென்ற உறுமல் மட்டும். ஒரு இணைப்பில் ஈயம் பிடிக்கவில்லை. மறுபடி வைத்தேன். அப்புறம் ஒரு மலாய்ப் பாட்டு, நடுவிலிருந்து. பீபி கை தட்டினார். நான் அழவில்லை.

அண்ணன் வெளியிலிருந்து வந்தார். வாசலிலேயே நின்றார். "அட" என்றார். அதற்கப்புறம் தூங்கப் போகும்வரை ஸ்டேஷன் மாற்றும் திருகியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். என்னைத் தொடவிடவில்லை.

ஆகஸ்ட் 31, சனி

மெர்டேக்கா. காலையிலேயே வீடு கொள்ளாத கூட்டம், முற்றத்திலும் ஆட்கள். அண்ணன் வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. இஸ்திரி போட்டது நான்.

"யாரு செஞ்சது சந்திரன்?" அண்ணனைத்தான் கேட்டார்கள்.

"நம்ம கைவேலைதான். சும்மாத்தானே இருக்கோம்னு."

டம்ளர்களோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தேன். பீபிதான் சொன்னார், உரக்க: "பத்மா பிக்கின்." பத்மா செய்தது. எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் இன்னும் நன்றாகச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்போல.

யார் சொல்லியோ ரேடியோ கடை முதலாளியும் வந்திருந்தார். பின்பக்கம் குனிந்து பார்த்தார். அவர் கடை டிரான்ஸ்பார்மர், என் கையில் கொடுத்தது. நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தார். இப்போது சொல்வார் என்று காத்திருந்தேன். வாயைத் திறந்தார்.

"டீ நல்லாருக்கும்மா."

ரேடியோவில் மெர்டேக்கா முழக்கம் வந்தபோது பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. துடைத்துக்கொண்டிருந்தேன். முற்றத்தில் எல்லாரும் கூடவே கத்தினார்கள்.

செப். 3, செவ்வாய்

ரேடியோ கடையிலிருந்து ஆள் வந்தது. அண்ணனுக்கு வேலை. அந்த வேலை.

"ரெண்டு நாள் நீ சொல்லிக் குடு பத்மா. நான் புடிச்சிக்குவேன்."

அண்ணி கடன் சொல்லி ஆட்டுக்கறி வாங்கி வந்தார். ரொம்ப நாளுக்குப் பிறகு கறி. சாப்பிடக்கூடாது என்று நினைத்தேன். சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

செப். 17, செவ்வாய்

தினமும் மழை. தினமும் சைக்கிள் கேரியரில் சாக்குப்பை, உள்ளே யார் வீட்டு ரேடியோவோ. அண்ணன் கைகால் கழுவுவார், நான் பின்பக்கம் கழற்றுவேன். காலையில் அது போய்விடும். புதுச்சட்டை இரண்டு எடுத்திருக்கிறார். இன்னும் சால்டர் இரும்பைப் பேனா மாதிரிதான் பிடிக்கிறார்.

இன்று சொன்னேன். "முதலாளிகிட்ட உண்மையச் சொல்லிடுங்கண்ணே."

"சொன்னா வேலை போயிடும். அப்புறம் நீ தைக்கிற காசுல மூணு பேரு பசியாறுவமா?"

அண்ணி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அக். 2, புதன்

நானே போனேன். அண்ணன் ஆயர் குரோ பக்கம் ஒரு செட் கொடுக்கப் போயிருந்த நேரம். கடையில் யாரும் இல்லை. சொல்லிவிட்டேன் எல்லாவற்றையும். வரும் ரேடியோ எல்லாம் நான் பார்ப்பது என்று.

முதலாளி ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்மா. முத நாளே தெரியும். உன் அண்ணனுக்கு ஸ்க்ரூ திருகத் தெரியாது."

"அப்புறம் ஏன் அவர வச்சிருக்கீங்க?"

"கடையில ஆம்பள நிக்கிறான், வேலைய நீ முடிச்சித் தர்ற. எனக்கென்ன குறை? ஒரு சம்பளத்துல ஆகுது. நீயும் வெளிய அலைய வேண்டியதில்ல. பேசாம இரும்மா."

குடிக்க ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

வீடுவரை நடந்தேன். மழையில் நனைந்தது தெரியவில்லை என்று எழுதலாம். தெரிந்தது. பாதி வழியில் செருப்பு அறுந்தது.

அக். 5, சனி

மழை இல்லை. இரண்டு நாளாக பீபி கொடுத்தனுப்பிய பலகாரம் அப்படியே இருக்கிறது.

விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சாக்குப்பை வந்தது. பெரிய செட், யாரோ பெரிய மனிதர் வீடாம். "திங்கக்கிழமை காலையில வேணும். முதலாளி கண்டிப்பா சொல்லிட்டாரு."

கழற்றினேன். பார்த்த உடனே தெரிந்தது. ஸ்பீக்கர் கம்பி விட்டிருக்கிறது, அவ்வளவுதான். மூடினேன். ஸ்க்ரூவையும் பழையபடி முடுக்கினேன்.

"என்னாச்சு?"

"தெரியலண்ணே."

"நல்லாப் பாரு."

"நீங்க பாருங்க. ரேடியோக் கடையில வேலை பாக்குறது நீங்கதானே."

கை ஓங்குவார் என்று நினைத்தேன். ஓங்கவில்லை. அண்ணியைப் பார்த்தார், எனக்குப் புத்தி சொல்லச் சொல்கிற பார்வை. அண்ணி எழுந்து மேசை விளக்கை எடுத்தார். என்னிடம்தான் கொண்டுவருகிறார், இவரும் அண்ணன் பக்கம்தான் என்று நினைத்தேன். விளக்கை அண்ணன் முன்னால் வைத்தார்.

"நீங்களே பாருங்க" என்றார். உள்ளே போய்விட்டார்.

இதை எழுதும்போது அண்ணன் எதிரில்தான் இருக்கிறார். ஸ்க்ரூவை மேலும் மேலும் முடுக்கிக்கொண்டிருக்கிறார்.