நீ அடிக்க வேண்டிய ஆணி

திண்டுக்கல்

நான்சிக்குட்டிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம், அந்தக் குளிரில் உன் உடம்பு எப்படி இருக்கிறதோ என்பதுதான் கவலை. அப்பாவுக்கு முட்டி வலி குறைந்து, நாகல் நகர் கடைவீதி வரை தானே நடந்து போய் வருகிறார். நீ அனுப்பிய வீட்டுப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஜப்பான் வீட்டுக் காகிதக் கதவு, மங்கோலியாவில் சுருட்டி எடுத்துக்கொண்டு போகிற கம்பளிக் கூடாரம், ஆஸ்திரேலியாவில் பாறையைக் குடைந்த வீடு, ஆம்ஸ்டர்டாம் கால்வாயில் மிதக்கும் உன் சொந்தப் படகு வீடு. எல்லாவற்றிலும் நான் தேடியது ஒன்றைத்தான், இதில் எங்கே ஆணி அடிப்பார்கள் என்று. அப்பா சிரித்தார். ராயப்பராஜ் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தவளுக்கு வேறென்ன தோன்றும்? நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். கறுப்பு அங்கியோடு எடுத்த அந்தப் படத்தை மாட்ட ஓர் ஆணி அடிக்கட்டுமா என்று கேட்டு அவர் வாசலில் நின்றேன். படிச்சுப்புட்டா செவுரு உங்க பேருக்கு வந்துருமாம்மா என்று, குழாயடியில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் கேட்டுச் சிரித்தார். காலி செய்யும் வரை படம் அரிசி டிரம்முக்குப் பின்னால் கிடந்தது.

போன ஞாயிறு பூசை முடிந்து அவரே நம் வாசலுக்கு வந்தார். மகள் பிரிஸ்கில்லாவுக்கு உங்கள் ஊரில் படிக்க இடம் கிடைத்துவிட்டதாம், தங்க அறைதான் இல்லையாம். நம்ம நான்சி படகுல ஒரு ரூம்பு சும்மாத்தான கெடக்கு, ஒரு வார்த்த சொல்லுங்க டீச்சரம்மா என்றார். இத்தனை காலத்தில் முதல் முறையாக டீச்சரம்மா! முடியாது என்று சொல் என்று அப்பா கண்ணைக் காட்டினார். நான் சரி என்றேன். ஒரு சின்னப் பார்சல் மட்டும் உங்கள் மகள் கொண்டுபோக வேண்டும் என்று, அந்தப் படத்தைப் பழைய சேலையில் சுற்றிக் கொடுத்தேன். கண்ணாடிச் சாமான், பத்திரம் என்றதும் கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். தெருமுனை திரும்பும் வரை நின்று பார்த்தேன். முடியாது என்று சொல்லியிருந்தால் இந்தக் காட்சி எனக்குக் கிடைத்திருக்குமா? அந்தப் பிள்ளை மேல் எனக்கு வருத்தமில்லை. வயிறாரச் சோறு போடு, கனமான போர்வை கொடு. ஆனால் அவள் வருவதற்கு முன்பே சொல்லிவிடு, அவள் உட்கார்ந்து பேசும் நாற்காலிக்குப் பின்னால் அந்தப் படம் மாட்டப்படும், அங்கே இருக்கிற வரை கழற்றக் கூடாது. அவள் தன் அப்பாவோடு வீடியோவில் பேசும்போதெல்லாம் மகளின் தலைக்கு மேல் நான் அங்கியோடு நிற்க வேண்டும். அவர் தினமும் பார்க்க வேண்டும்.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும். ஸ்வெட்டர் இல்லாமல் படகின் மேல்தட்டில் நிற்காதே. சேலை மடிப்புக்குள் ஆணி வைத்திருக்கிறேன், இருப்பதில் பெரியதை எடு. உள்பக்கத் தடுப்பில் அடி, தண்ணீர் வந்துவிடப் போகிறது.

உன் அம்மா,
ஜெயமேரி, பி.ஏ.